லாங் ஐலண்ட்: ஆறு பேர், ஒரு பௌர்ணமி, ஒரு வீங்குன கால்

சென்னைல இருந்து வந்த ஒரு ஃப்ரெண்ட்ஸ் கேங் லாங் ஐலண்ட் பீச்ல டென்ட் போட்டு தங்கிட்டு, அதுல ஒருத்தன் கால ஊன முடியாம ஆஸ்பத்திரில படுத்து எழுந்து போனான். இப்ப அந்தக் கதைக்கு ஆளுக்கொரு வெர்ஷன் ஓடுது. ஒருத்தன் ஏதோ விஷப்பூச்சின்னு சொல்றான், ஒருத்தன் பவளப்பாறை கிழிச்சதுன்னு சொல்றான், பையனோட அம்மா காத்து கருப்பு பட்டுருச்சுன்னு தாயத்து கட்டிட்டாங்க. நான் போர்ட் பிளேர்லயே பொறந்து வளர்ந்தவன் (2024-ல ஸ்ரீ விஜய புரம்னு பேர் மாத்திட்டாங்க, வாய்ல வர்றது என்னவோ இன்னும் போர்ட் பிளேர்தான்). டிரிப்ல நான் இல்ல, டூட்டி. ஆனா பேஷண்ட் டிஸ்சார்ஜ் ஆகி வந்து தங்குனது எங்க வீட்ல, அதனால ஆறு பேரோட போன்ல இருந்த போட்டோ வீடியோ எல்லாத்தையும் வாங்கி டைம் பார்த்து வரிசையா அடுக்கி, பக்கத்துல டைட் டேபிளையும் (கடல் எப்ப ஏறும், எப்ப வத்தும்னு போட்டிருக்குற அட்டவணை) வச்சிக்கிட்டு உக்காந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க, ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளிவிட்டு அது அடுத்ததைத் தள்ளிவிட்ட மாதிரி ஒரு சங்கிலி தெரிஞ்சிது, அதைத்தான் எழுதுறேன்.

இடம் தெரியாதவங்களுக்கு: லாங் ஐலண்ட் மிடில் அந்தமான் பக்கம், ரங்கட்டுக்குக் கிழக்க. போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே ஜெட்டில இருந்து கப்பல்ல போகலாம், இல்லன்னா அந்தமான் டிரங்க் ரோட்ல ஜிர்காடாங்ல வண்டிங்க கூட்டமா கிளம்புற கான்வாய் புடிச்சு, ஜராவா பழங்குடி ரிசர்வ் தாண்டி, பாராடாங் தாண்டி, ரங்கட் போயி, ஏரட்டா ஜெட்டில இருந்து சின்ன போட்ல போகலாம். முன்ன அங்க ஒரு பெரிய பிளைவுட் ஃபேக்டரி ஓடுச்சு, அது மூடுனதுக்கு அப்புறம் பாதி ஜனம் வேற ஊருக்குப் போயிருச்சு, தீவு அமைதியாயிருச்சு. அங்க இருக்குற லாலாஜி பேங்குற பீச்சுக்கு ரோடு கிடையாது, ஒண்ணு காட்டுக்குள்ள நடக்கணும், இல்ல டோங்கில (எங்க ஊர் சின்ன மோட்டார் படகு) போகணும். கடை இல்ல, கரண்ட் இல்ல, போன் டவர் எடுக்காது. டென்ட் போட பெர்மிஷன் வேணும், அது இவங்ககிட்ட இருந்துச்சு. சரியா எந்த ஓரத்துல போட்டாங்கன்னு நான் சொல்லப் போறதில்ல, ஏற்கனவே அங்க போதுமான அளவுக்கு பிஸ்கட் கவர் கிடக்கு.

பௌர்ணமி அன்னைக்குப் போய் இறங்கணும்னு ரொம்ப நாளா பிளான் பண்ணியிருக்காங்க. நிலா வெளிச்சத்துல பீச்சு, கிடாரு, சுட்ட மீனு. ஆசை நியாயமானதுதான், ஆனா இந்த சங்கிலியோட மொத கண்ணியே அந்தத் தேதிதான்.

பௌர்ணமி அமாவாசை ஒட்டி கடல் ஏறுறதுக்கும் வத்துறதுக்கும் உள்ள வித்தியாசம் எங்க பக்கம் 2 மீட்டர் கிட்ட வரும். 2 மீட்டர்னா ஒரு ஆள் உயரம்தானேன்னு தோணும். சரிவு கம்மியா இருக்குற பீச்ல அந்த 2 மீட்டர் உயரம் படுக்கைவசத்துல 40 மீட்டர் மணலை முழுங்கிரும். இன்னொரு விஷயம், பௌர்ணமி அன்னைக்கு போர்ட் பிளேர் சைடுல தண்ணி முழுசா ஏறுறது காலைலயும் ராத்திரியும் ஒரு ஒம்பதரை பத்து மணிவாக்குல, முழுசா வத்துறது சாயங்காலம் நாலு மணிவாக்குல. இவனுங்க வந்து இறங்குனது எப்போ? மொத போட்டோ 3.20. அதாவது பீச்சு இருக்குறதுலயே அகலமா, பிரமாண்டமா, கிரிக்கெட் கிரவுண்டு கணக்கா விரிஞ்சு கிடக்குற நேரம். டோங்கி பாறைத்திட்டைத் தாண்டி உள்ள வர முடியாம வெளியவே நின்னுருச்சு, முட்டி அளவு தண்ணில சாமானைத் தலைல வச்சிக்கிட்டு நடந்து வந்திருக்காங்க, அந்த வீடியோ செம ஜாலியா இருக்கு.

டோங்கி ஓட்டுன அண்ணன் நம்மாளு, தாத்தா காலத்துல ராமநாதபுரம் பக்கத்துல இருந்து வந்த குடும்பம். வீடியோலயே அவர் குரல் கேக்குது, "தம்பி, அந்தக் காஞ்ச குப்பைக்கும் மேல போடுங்கப்பா." இவனுங்களும் குப்பைக்கு மேலதான் போட்டிருக்காங்க. பிரச்சனை என்னன்னா அந்த பீச்ல ரெண்டு குப்பைக் கோடு இருந்துருக்கு. கீழ இருக்குறது அன்னைக்குக் காலைல தண்ணி வந்து விட்டுட்டுப் போனது, ஈரமான இலை, கடல் பாசி, ஒரு ஒத்தச் செருப்பு. மேல இருக்குறது பழசு, வெளுத்துப் போன கட்டை, தாய்லாந்து எழுத்து போட்ட பிளாஸ்டிக் பாட்டில், அதுக்குப் பின்னாடி தாழம்புதர். அண்ணன் சொன்ன 'காஞ்ச' குப்பை மேல உள்ளது. இவனுங்க போட்டது ரெண்டுக்கும் நடுவுல. போட்டோவை ஜூம் பண்ணா டென்ட் கயித்துக்குப் பின்னாடி அந்த தாய்லாந்து பாட்டில் தெளிவா தெரியுது.

அன்னைக்கு ராத்திரி ஒண்ணும் ஆகல. 9.50-க்கு எடுத்த போட்டோல தண்ணி டென்ட்டுக்கு ஒரு பத்தடி முன்னாடி வந்து நின்னுருக்கு, எல்லாரும் கால நீட்டி உக்காந்துகிட்டு சிரிக்கிறானுங்க. "பௌர்ணமியே இவ்ளோதான்டா, நாளைல இருந்து குறைஞ்சிரும்"னு ஒருத்தன் சொல்றது கேக்குது. கேக்குறதுக்கு லாஜிக்கா இருக்குல்ல? ஆனா கடல் நிலாவுக்கு கொஞ்சம் லேட்டாத்தான் அசையும், பெரிய ஏத்தம் பௌர்ணமி முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் வரும். கூடவே நேரமும் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். அதனால ரெண்டாவது ராத்திரி தண்ணி வந்தது எல்லாரும் தூங்குனதுக்கு அப்புறம், பதினொண்ணு கிட்ட, மொத நாளை விட உசரமா. கொஞ்சம் அலையும் சேர்ந்துருச்சு போல. ரெண்டு டென்ட் நனைஞ்சு போச்சு, அரிசி மூட்டை நனைஞ்சு போச்சு, ஒரு பவர் பேங்க் செத்துப் போச்சு. உயிருக்கு ஆபத்துன்னு எதுவும் இல்ல, கணுக்கால் தண்ணிதான். இதோட முடிஞ்சிருந்தா நாலு பேர்கிட்ட சொல்லி சிரிக்கிற கதை.

இங்கதான் முதலை உள்ள வருது. வரல, ஆனா வருது.

அந்தமான்ல உப்புத்தண்ணி முதலை உண்டு, அது நிஜம். 2010 ஏப்ரல்ல ஹாவ்லாக்ல ராதாநகர் பீச் பக்கம் கடல்ல இருந்த ஒரு அமெரிக்கப் பொண்ணை முதலை அடிச்சுக் கொன்னுச்சு, அதுக்கப்புறம் வந்த எச்சரிக்கை போர்டுகளை எல்லாரும் பார்த்திருப்பீங்க, வண்டூர் பீச்ல வலை கட்டி அதுக்குள்ளதான் குளிக்க விடுறாங்க. இந்த கேங் வர்றதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்ட கேள்வில முக்காவாசி முதலை பத்திதான். பெரிய டார்ச், விசில், ஒருத்தன் வீச்சரிவா வாங்கணுமான்னு வேற கேட்டான். பூச்சி பத்தி ஒருத்தன்கூட கேக்கல, நானா சொன்னப்போ "ஓடோமாஸ் இருக்கு மச்சான்"னு முடிச்சிட்டானுங்க.

இப்ப ராத்திரி பதினொண்ணு, தண்ணி ஏறிருச்சு, எங்க நகர்றது? பீச்சோட இன்னொரு கோடில மணல் மேடா, காத்தாட, காஞ்சு கிடந்துச்சு, பகல்ல எடுத்த போட்டோல தெரியுது. அங்க போகணும்னா தண்ணியோரமா இருட்டுல ஒரு முந்நூறு மீட்டர் நடக்கணும். முதலை பயத்துல ஒருத்தனும் தண்ணியோரம் நடக்க ஒத்துக்கல. நேரா பின்னாடி, மரத்துக்கு நடுவுல போயிட்டாங்க. அங்க என்ன இருக்கு? காட்டுல இருந்து வர்ற ஒரு சின்ன ஓடை, கடலுக்குப் போற வழி மணல்ல அடைபட்டு, குட்டையா தேங்கி நிக்குது, சுத்தி அழுகுன இலை, கருப்புச் சேறு, காத்து சுத்தமா கிடையாது. அந்தமான்ல முதலை ராத்திரி எங்கயாவது இருக்கணும்னா இந்த மாதிரி ஓடை முகத்துலதான் இருக்கும். முதலைக்கு பயந்து முதலை வீட்டு வாசல்ல படுத்திருக்கானுங்க! இதை அவனுங்ககிட்ட சொன்னப்போ கொஞ்ச நேரம் யாரும் பேசல, அப்புறம் அன்னைக்கு ஹேமக்ல (மரத்துல கட்டுற தொங்கு படுக்கை) படுத்தவன் மட்டும் சிரிச்சான்.

முதலை வரல. வந்தது சாண்ட்ஃபிளை. அப்படித்தான் எல்லாரும் கூப்பிடுறோம், கடற்கரைல கடிக்கிறதுல பாதி உண்மைல அதோட வேற ஜாதி குட்டி ஈ. ரெண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது, சத்தம் கிடையாது, கொசு மாதிரி ரீங்காரம் போட்டு வார்னிங் குடுக்குற நாகரிகம் எல்லாம் அதுக்குத் தெரியாது. பொட்டை மட்டும்தான் கடிக்கும், முட்டைக்கு ரத்தம் வேணும். ஈரச் சேறு, அழுகுன இலை, சதுப்பு, இதுதான் அதோட பிரசவ வார்டு. பறக்குற சக்தி கம்மி, லேசா காத்து அடிச்சாலே அடங்கிரும், அதனாலதான் திறந்த மணல்ல ஒண்ணரை ராத்திரி இருந்தும் பெருசா கடி இல்ல. எங்க ஊர்ல பெரியவங்க பௌர்ணமி அமாவாசைல பூச்சி ஜாஸ்தின்னு சொல்வாங்க. சும்மா சொல்றது இல்ல, உப்புச்சதுப்புல பொறக்குற கடி ஈக்கள்ல சில இனங்கள் பெரிய ஏத்தத்தை ஒட்டி மொத்தமா வெளிய வர்றது ஆராய்ச்சிலயும் பதிவாகியிருக்கு. அப்ப பாருங்க, ஒரே நிலா டென்ட்டையும் நனைச்சிருக்கு, பூச்சியையும் கிளப்பிவிட்டிருக்கு.

ஆறு பேரும் ஒரே இடத்துல, ஒரே ராத்திரி. அடிபட்டது ஒருத்தன். இதுதான் எனக்கு இந்த கேஸ்ல ரொம்ப சுவாரஸ்யமான பகுதி, ஒவ்வொருத்தனையும் தனித்தனியா கேட்டேன். ரெண்டு பேர் தூங்கவே இல்ல, முதலைக்குக் காவல்னு சொல்லி நெருப்பு மூட்டி புகைக்குள்ளயே உக்காந்திருந்தானுங்க, அவனுங்களுக்கு கைல நாலஞ்சு கடி. ஒருத்தன் ஹேமக்கை மார் உயரத்துக்குக் கட்டி, உடம்பைச் சுத்தி துணியை மூடிக்கிட்டு தொங்குனான், ஒண்ணு ரெண்டுதான், இந்தப் பூச்சி பெரும்பாலும் தரையை ஒட்டித்தான் திரியும். ஒருத்தனுக்கு பூரான்னா பயம் (அந்தமான் பூரானைப் பார்த்தவங்களுக்கு அந்த பயம் புரியும்), அவன் டிராக் பேண்ட்டை சாக்ஸ்குள்ள சொருகிக்கிட்டு படுத்தான், முகத்துல மட்டும் கடி. அஞ்சாவது ஆள் நனையாத மூணாவது டென்ட்ல படுத்தான், ஜிப் போட்டுத்தான் இருந்தான், ஆனா விலை கம்மி டென்ட்ல வலைக் கண்ணு கொசுவுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும், இது அதுக்குள்ள நுழைஞ்சு வந்துரும், நல்லா வாங்கியிருக்கான். நம்ம பேஷண்ட், ஆறாவது ஆள், டென்ட் நனைஞ்ச கோவத்துல தரைல பாயைப் போட்டு ஷார்ட்ஸோட, மேல மட்டும் ஜாக்கெட்டைப் போத்திக்கிட்டு, கால நீட்டி, குட்டைப் பக்கமா படுத்துட்டான். ஓடோமாஸ் நனைஞ்ச டென்ட்டுக்குள்ள எங்கயோ கிடந்துச்சு.

காலைல எழுந்தப்போ ஒண்ணுமே தெரியல. அங்கங்க சிவப்புப் புள்ளி, அவ்ளோதான். இந்தப் பூச்சியோட துரோகமே இதுதான், கடிக்கும்போது பல பேருக்குத் தெரியவே தெரியாது, அரிப்பு பல மணி நேரம் கழிச்சு, சில பேருக்கு அடுத்த நாள்தான் ஆரம்பிக்கும், அதோட எச்சிலுக்கு உடம்பு குடுக்குற அலர்ஜி அது. காலையோட சாமானை எல்லாம் மேட்டுக்கு மாத்திட்டு பழையபடி ஆட்டம் பாட்டம். அன்னைக்கு சாயங்காலம் அவனுக்கு அரிப்பு கிளம்பிருக்கு. முட்டிக்குக் கீழ மட்டும் ரெண்டு கால்லயும் சேர்த்து நூறுக்கு மேல இருக்கும்னு நான் நினைக்கிறேன், போட்டோல எண்ண ஆரம்பிச்சு விட்டுட்டேன். ராத்திரி பூரா நகத்தால சொரிஞ்சு, நகம் பத்தாம சீப்பை வச்சு சொரிஞ்சிருக்கான். எரிச்சலுக்கு இதமா இருக்குன்னு அந்த ஓடைக் குட்டைத் தண்ணியை மோந்து மோந்து கால்ல ஊத்தியிருக்கான். இந்தக் கடைசி வரியை நல்லா ஞாபகம் வச்சிக்கோங்க, டாக்டர் கேட்ட மொத கேள்வியே இதுதான்.

மறுநாள் மத்தியானம் குளிர் காய்ச்சல். வலது கால் கணுக்கால்ல இருந்து ஆடுதசை வரைக்கும் செவந்து, பளபளன்னு வீங்கி, தொட்டா சுடுது, தொடை இடுக்குல நெறி கட்டிருச்சு. அவனால நிக்க முடியல. சிக்னல் இல்ல, ரெண்டு பேர் காட்டு வழியா ஊருக்கு நடந்தாங்க, வேர் தடுக்கி விழுந்து எழுந்து போய்ச் சேரவே ரெண்டு மணி நேரம் ஆயிருக்கு. அண்ணன் உடனே டோங்கியை எடுத்துட்டு வந்துட்டார், ஆனா மணி மூணரை, தண்ணி வத்திக்கிட்டு இருக்கு, பாறைத்திட்டு தலைகாட்ட ஆரம்பிச்சிருச்சு, டோங்கி கரைக்கு வர முடியாது. மொத நாள் ஜாலியா நடந்து வந்த அதே பாறைல, இப்ப நாலு பேர் அவனை ஒரு ஈர டென்ட் துணில போட்டுத் தூக்கிட்டு, கால் வழுக்கி வழுக்கி, கடல்முள்ளு மேல மிதிச்சிறக் கூடாதேன்னு பார்த்துப் பார்த்து நடந்துருக்காங்க. அண்ணன் தண்ணில குதிச்சு வந்து தலைமாட்டைப் புடிச்சிக்கிட்டார். காலைலயே, தண்ணி நிறைஞ்சிருந்த பதினொரு மணிக்கே காய்ச்சல் தெரிஞ்சிருந்தா டோங்கி நேரா மணல்ல வந்து முட்டியிருக்கும். தீவு கேம்ப்ல ஆம்புலன்ஸ் எப்ப வரும்ங்குறது டைட் டேபிள்ல முன்னாடியே அச்சாகி இருக்கும், யாரும் அதை அப்படிப் படிக்கிறதில்ல.

லாங் ஐலண்ட் சுகாதார நிலையத்துல அன்னைக்கு ராத்திரி காய்ச்சலுக்கு மாத்திரை, மொத டோஸ் ஆன்டிபயாட்டிக், கால உசத்தி வைக்க ரெண்டு தலகாணி. காலைல மொத போட்ல ஏரட்டா, அங்க இருந்து ரங்கட் ஆஸ்பத்திரி. அங்க இருந்த டாக்டர் செஞ்ச மொத காரியம் எனக்கு ரொம்ப புடிச்சிது: சட்டைப் பைல இருந்து சாதாரண பால்பாயின்ட் பேனாவை எடுத்து சிவப்பு எங்க முடியுதோ அந்த ஓரத்துலயே கோடு போட்டு, பக்கத்துல மணியையும் எழுதிட்டார். சிவப்பு கோட்டைத் தாண்டுனா மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தம். கூட இருந்தவன் ராத்திரி மணிக்கொரு தடவை டார்ச் அடிச்சு அந்தக் கோட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தானாம்.

அடுத்து கேள்வி. "ஓடைத் தண்ணி, குட்டைத் தண்ணி எதுலயாவது கால் வச்சீங்களா?" ஏன் கேட்டார்னா எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ். இது எங்க தீவுல சும்மா வந்து போற நோய் கிடையாது. டிக்லிபூர் பக்கம் 1980-கள் கடைசில இருந்து கொத்தா ஜனங்களுக்குக் காய்ச்சல் வந்து, நுரையீரல்ல ரத்தம் கசிஞ்சு செத்தாங்க, என்னன்னு தெரியாம 'அந்தமான் ரத்தக்கசிவு காய்ச்சல்'னே பேர் வச்சிருந்தாங்க, 1990-கள்லதான் அது லெப்டோன்னு உறுதியாச்சு. போர்ட் பிளேர்ல இருக்குற ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆராய்ச்சி மையம் இந்த நோய்க்கு உலக சுகாதார நிறுவனத்தோட கூட்டு மையமா இருந்ததும் அதனாலதான். எலி, மாடு இதுகளோட மூத்திரம் கலந்த தண்ணி தோல்ல இருக்குற காயம் வழியா உள்ள போனாப் போதும். இவன் கால்ல சீப்பு போட்ட கோடு எத்தனை? அதுல அள்ளி ஊத்துன குட்டைத் தண்ணி எத்தனை மக்கு? டாக்டர் முகம் மாறுனதுல ஆச்சரியமே இல்ல. மலேரியா, டெங்கு, லெப்டோ எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்தாங்க. லெப்டோ ஆரம்பத்துல டெஸ்ட்ல தப்பிச்சிரும்னு சொல்லி, சில நாள் கழிச்சு இன்னொரு தடவையும் போர்ட் பிளேர்ல எடுத்தோம். எல்லாம் நெகட்டிவ். சொரிஞ்ச புண்ணு வழியா பாக்டீரியா போய் தோலுக்கு அடில பரவுன செல்லுலைட்டிஸ்தான், டிரிப்ஸ்ல ஆன்டிபயாட்டிக் ஏத்த ஏத்த சிவப்பு பேனா கோட்டுக்கு உள்ள இறங்கிருச்சு. காயத் தழும்பு இன்னும் இருக்கு, கருப்பு கருப்பா புள்ளி.

இந்த கேஸைப் பத்தி பேசுறவங்க எல்லாம் "டென்ட்டைக் கீழ போட்டதுதான் தப்பு"ன்னு முடிக்கிறாங்க. எனக்கு அப்படித் தோணல. டென்ட் நனைஞ்சதால யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகல. ராத்திரி பதினொரு மணிக்கு மேட்டுக்குப் போகாம ஓடைக்குப் போனாங்களே, அந்த அஞ்சு நிமிஷ முடிவுதான் கேஸ், அதை எடுத்தது முழுக்க முதலை பயம். போற பகல்லயே ரெண்டாவது இடம் ஒண்ணைப் பார்த்து வச்சு, ராத்திரி தண்ணி வந்தா இங்கன்னு பேசி வச்சிருந்தா இருட்டுல ஓட்டெடுப்பு நடத்த வேண்டியதே இல்ல. அப்புறம் நம்ம ஊர் வைத்தியமான தேங்காய் எண்ணெய், தீவுல வேலை செய்யுறவங்க கால்ல கெட்டியா தடவிட்டுத்தான் சாயங்காலம் பீச்சுக்குப் போவாங்க, சின்னப் பூச்சி எண்ணெய்ல ஒட்டிக்கும், கடிக்க முடியாது, ஆனா காய்ஞ்சதும் திரும்பத் தடவணும். டீட்ங்குற பூச்சி விரட்டி ரசாயனம் இருக்குற மருந்து அதை விட நிக்கும். முழு பேண்ட் எல்லாத்தையும் விட நிக்கும். சமையலுக்குக் கொண்டுபோன ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் டின்னு முழுசா அப்படியே திரும்பி வந்துச்சு, அதுல எங்க வீட்ல மீன் பொரிச்சோம்.

பையன் திரும்பவும் வரணும்ங்குறான், அதே பீச்சுக்கு, அதே ஆறு பேரோட. நான் தேதி பார்த்துக் குடுத்தேன். நிலா பாதியா இருக்குற சமயம்தான் கடல் ஏத்த இறக்கம் ரொம்ப கம்மி, அதுலயும் கடல் லேட்டா அசையுறதைக் கணக்குல எடுத்தா அஷ்டமி தாண்டி நவமி, தசமிவாக்குல டென்ட்டைத் தண்ணி நெருங்குறது கஷ்டம். காலண்டரைப் பார்த்துட்டு அவன் அம்மா போன் பண்ணி ஒரு பாட்டம் திட்டுனாங்க, அஷ்டமி நவமில எவனாவது பயணம் கிளம்புவானா, போன தடவை பட்டது போதாதான்னு. "பௌர்ணமில போய்த்தான்ம்மா இப்படி ஆச்சு"ன்னு சொல்லிப் பார்த்தேன், எடுபடல. டோங்கி அண்ணன்கிட்டயும் கேட்டு வச்சிருக்கேன், அந்த வாரம் அவருக்கு ஒரு புக்கிங்கும் இல்லையாம்.